பட்டத்தை மறைத்தவர்கள்

அறந்தாங்கியில் எங்கள் அப்பா நடத்திய தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் காலை ஆறு மணி பேட்சுக்குத்தான் கூட்டம் அதிகம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பி.ஏ. வரலாறு, பி.எஸ்சி. விலங்கியல், பி.காம். என்று புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் திருச்சியிலும் படித்து முடித்தவர்கள் ரெமிங்டன் எந்திரங்களின் முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஸ்பீடு பேப்பரைக்கூடச் சமாளித்துவிடுவார்கள். ஸ்டேட்மென்ட் என்றால்தான் கை நடுங்கும். ஏதோ ஒரு கம்பெனியின் வரவுசெலவைக் கொடுத்து, தலைப்பை நடுவில் நிறுத்தி, பத்திகளை அளந்து, இலக்கங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கச் சொல்வார்கள். ஓர் இடம் தள்ளிப்போனால் பத்தி முழுக்கச் சாய்ந்துவிடும். அப்பா பின்னாலிருந்து பார்த்துவிட்டுத் தாளை உருவிப் புதுத்தாள் கொடுப்பார். திட்டமாட்டார். "இன்னொரு வாட்டி அடிங்க தம்பி" என்பார்.

அந்த அண்ணன்மார் எல்லாரிடமும் வேலைவாய்ப்பு அலுவலக அட்டை இருந்தது. சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பார்கள். எம்ப்ளாய்மென்ட் கார்டு என்பது அன்றைக்கு வேலையில் பாதி கிடைத்த மாதிரி. டிகிரி, இரண்டு ஹையர், பதிவு மூப்பு – மூன்றும் சேர்ந்தால் ஒருநாள் இன்டர்வியூ கார்டு வரும் என்று வீட்டிலும் நம்பினார்கள், பெண் கொடுப்பவர்களும் நம்பினார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்துபோனால் மூப்பு போய்விடும். புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி, வரிசையில் நின்று, முத்திரை வாங்கிக்கொண்டு வருவார்கள். சிலருக்குக் கார்டு வந்தது. நீதிமன்றத்தில் தட்டச்சர், கூட்டுறவு வங்கியில் எழுத்தர், கிராம நிர்வாக அலுவலர் என்று போனவர்கள் எங்கள் கடைக்கு இனிப்போடு வருவார்கள். வராதவர்களே அதிகம்.

வேலையில்லாத பட்டதாரி என்ற மனிதன் தமிழ் சினிமாவில் நாயகனாக நின்ற காலம் அது. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' 1980-ல் வந்தது. அந்தப் படத்தை எங்கள் ஊர்க் கொட்டகையில் மறுபடி மறுபடி போட்டார்கள். மாலை பேட்ச் பையன்கள் கூட்டமாகப் போவார்கள். 34 ஆண்டு கழித்து 2014-ல் 'வேலையில்லா பட்டதாரி' வந்தபோது அதே ஊரில் வேறு தலைமுறை கை தட்டியது. முந்தைய படத்து இளைஞன் கலைக் கல்லூரி ஆள், பிந்தையவன் சிவில் என்ஜினியர். இடையில் நடந்ததை நான் கடை மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஆனால் முதலில் வெளிநாடு போனவர்கள் படித்தவர்கள் அல்ல. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டுமானம் தொடங்கியதும் மீமிசல், கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் பக்கத்திலிருந்து கொத்து வேலை, கம்பி வேலை, டிரைவர் வேலை தெரிந்தவர்கள் பம்பாய்க்குப் போய் மாதக்கணக்கில் காத்திருந்து கப்பலோ விமானமோ ஏறினார்கள். எட்டாவது தாண்டாதவர்கள். அவர்கள் லீவில் வரும்போது டேப் ரெக்கார்டர், சென்ட், போர்வை எல்லாம் வரும். அப்பாவிடம் ஹையர் பாஸ் பண்ணிய அண்ணன்கள் அவர்களுக்குக் கடிதமும் விண்ணப்பமும் அடித்துக் கொடுப்பார்கள். பட்டதாரிகள் ஏன் அப்போது கிளம்பவில்லை என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். கௌரவம் பார்த்தார்கள் என்று பேசுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. கார்டு வரும் என்ற நம்பிக்கை அவர்களை ஊரில் நிறுத்தி வைத்திருந்தது. நம்பிக்கை தேய்ந்த பிறகுதான் படித்தவனும் கிளம்பினான்.

எங்கள் பக்கத்துக்குக் கிளம்புவது புதிது அல்ல. என் அப்பாவைப் பெற்ற தாத்தா பினாங்கில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் போனார். கங்காணி கொடுத்த முன்பணம் அவருக்கு முன்னாலேயே கப்பலேறிவிட்டது. அதை அடைக்கவே முதல் வருடங்கள் போயின என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1938-ல் இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. தாத்தா அதற்கு முன்பே போனவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டைவிரல் ரேகைதான். தாத்தா தெரியாமல் கடனில் இறங்கினார். பேரன் காலத்தில் எல்லாம் தெரிந்தே இறங்குகிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்குக் கண் பார்வை மங்கியதும் கடை என் கைக்கு வந்தது. கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன், பிறகு பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். தட்டச்சு எந்திரங்களில் இரண்டை இன்னும் வைத்திருக்கிறேன். தேர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது, பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பிரவுசிங் சென்டர் வைத்தவனுக்கு ஊரின் ஆசை என்னவென்று ஜூன் மாதத்தில் தெரிந்துவிடும். 2000-க்குப் பிறகு ஊரே பி.இ. என்றது. சுயநிதிக் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு 1984-ல் கதவைத் திறந்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டில் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தொட்டன. நுழைவுத் தேர்வு போனது. ஈடில்லாமல் நான்கு லட்சம் வரை வங்கி கல்விக் கடன் கொடுத்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010 முதல் கட்டணச் சலுகை வந்தது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளை என்ஜினியரிங் படித்தது எங்கள் மண்ணில் நடந்த பெரிய காரியம். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கில் இந்தியா முழுக்க 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். இந்த 47-க்குள் எங்கள் கடையில் விண்ணப்பம் போட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்த நாட்களில் கவுன்சிலிங்குக்குக் குடும்பத்தோடு சென்னை போவார்கள். அண்ணா பல்கலைக்கழக வாசலில் டிடியைக் கையில் பிடித்தபடி அப்பா, அம்மா, மாமா, பையன். உள்ளே திரையில் ஓடும் பட்டியலைப் பார்த்து ஒருசில நிமிடத்தில் கல்லூரியையும் பிரிவையும் சொல்லிவிட வேண்டும். பார்த்திராத ஊர், கேட்டிராத கல்லூரி. நான்கு வருடமும் குடும்பத்தின் கடனும் அந்தச் சில நிமிடத்தில் முடிவாகும். படித்து வெளியே வந்தபோது வேலை எங்கே இருந்தது? மென்பொருள் கம்பெனிகள் புதியவர்களுக்கு வருடத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் என்று 2008 வாக்கில் கொடுத்ததையேதான் பதினைந்து வருடம் கழித்தும் கொடுத்தன. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் ட்ரெய்னி என்று ஒப்பந்தத்தில் எடுத்து, காலம் முடிந்ததும் வேறு ட்ரெய்னியை எடுத்துக்கொண்டார்கள். சிவில் முடித்தவனுக்கு உள்ளூர் கான்ட்ராக்டரிடம் மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம்.

பிள்ளைகளுக்குத் திறன் இல்லை, வேலைக்கு லாயக்கில்லாத பட்டதாரிகள் என்று தொலைக்காட்சியில் பேசுபவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் கடையில் இரவு ஒன்பது மணிவரை ஆன்லைன் மாதிரித் தேர்வு எழுதிய பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 2022-ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டம் பெற்ற இளைஞரிடையே 29.1. படிக்கப் படிக்க வேலையில்லாமல் இருப்பது கூடுகிறது. ஏழைக்கு வேலையில்லாமல் உட்கார வசதி இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். படித்தவன் படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கிறான் என்பது இன்னொன்று. ஒரு நாடு இத்தனை பேரை இவ்வளவு செலவில் படிக்கவைத்துவிட்டு, குறை உன்னிடம்தான் என்று அந்தப் பிள்ளையிடமே சொல்வது நியாயமா?

2016 இருக்கும். சிவில் முடித்து இரண்டு வருடம் ஆன ஒரு தம்பி சிங்கப்பூர் வேலைக்குப் பயோடேட்டா அடிக்க வந்தான். நான் வழக்கம்போலப் பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி என்று அடித்துக்கொண்டே போய் பி.இ. சிவில், முதல் வகுப்பு என்று போட்டேன். அவன் என் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான்:

"அண்ணே, அந்த டிகிரிய எடுத்துருங்கண்ணே. பன்னெண்டாவதுன்னு மட்டும் போடுங்க."

"ஏன்டா?"

"எஸ் பாஸுக்குக் கோட்டா இல்லையாம்ணே. பெர்மிட்ல தான் போகணும். டிகிரி இருந்தா சைட்ல நிக்க மாட்டான், ஓடிப்போயிருவான்னு கம்பெனில எடுக்க மாட்டாங்களாம். ஏஜென்ட் சொன்னாரு."

எஸ் பாஸ் நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி, பெர்மிட் உடலுழைப்பு வேலைக்கானது. அதற்கு முன்பே அவன் டெஸ்ட் அடித்திருந்தான். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர்க் கட்டுமானத்தில் சேர அந்த ஊர் அரசு ஒப்புக்கொண்ட திறன் தேர்வு ஒன்று உண்டு. அதற்கான சென்டர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. கம்பி கட்டுதல், பைப் பொருத்துதல், டைல்ஸ், ஒயரிங் என்று ஏதாவதொன்றில் பயிற்சி எடுத்துத் தேறினால்தான் பெர்மிட். நான்கு வருடம் உத்தரத்தின் வளைவையும் சுமையையும் கணக்குப் போடக் கற்றவன், அங்கே கொக்கியால் கம்பியை முறுக்கிக் கட்டக் கற்றான். கையைக் காட்டினான். சுட்டுவிரலின் உள்பக்கம் தோல் தடித்திருந்தது. வெட்கப்படவில்லை. "கம்பி கட்டுறது நல்ல வேலைண்ணே, பில்டிங் நிக்கிறதே அதுலதான்" என்றான். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அவன் வேலையைத் தாழ்வாக நினைக்கவில்லை. பட்டத்தை மறைக்கச் சொன்னதுதான் அவனுக்கு உறுத்தியது. எனக்கும்.

பிரிண்ட் எடுத்த தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டான். நாளுக்குப் பதினெட்டு வெள்ளி. ஓவர்டைமும் ஞாயிறும் சேர்த்தால் மாதம் எண்ணூறு வெள்ளி. சாப்பாடு, போன், சில்லறைச் செலவு போக அறுநூறு மிஞ்சும். அன்றைய மதிப்பில் இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்குமேல். உள்ளூர்க் கான்ட்ராக்டர் தந்ததைவிட மூன்று மடங்கு. ஏஜென்டுக்கு மூன்றரை லட்சம். பாதி அம்மாவின் நகை, பாதி வட்டிக்கு. கல்விக் கடன் தனியாக இருந்தது. அடிபட்டுவிட்டால், கம்பெனி ஒரு வருடத்தில் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்ற வரி மட்டும் அந்தத் தாளில் இல்லை. அதைக் கேட்கலாமா என்று தயங்கினேன். அவனே சொன்னான்: "ஒரு வருசம் தாண்டிட்டாப் போதும்ணே."

இந்த இடத்தில்தான் எனக்குச் சட்டம் நினைவுக்கு வரும். கடை வேலையாக பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுப் போட்டுத் தெரிந்துகொண்ட சட்டம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும். ஒப்பந்தம் பார்க்கப்படும், கட்டாயக் காப்பீடு உண்டு, பத்து லட்ச ரூபாய்க்கு. பெயர் அரசின் பதிவேட்டில் ஏறும். பத்தாவது தேறிவிட்டால் இது எதுவும் இல்லை. முன்பு பாஸ்போர்ட்டில் அனுமதி தேவையில்லை என்று இசிஎன்ஆர் முத்திரை குத்துவார்கள். அதைப் பெருமையாகக் காட்டுவார்கள். படித்தவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்பது சட்டத்தின் எண்ணம். அந்த 18 நாட்டுப் பட்டியலில் சிங்கப்பூரே கிடையாது. ஆக, பி.இ. முடித்துக் கம்பி கட்டப் போகிறவன் போனான் என்பதே நம் அரசின் எந்தக் கணக்கிலும் பதிவதில்லை.

இந்தப் பக்கமும் அப்படித்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்குத் தமிழக அரசு உதவித்தொகை கொடுக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று வருடத்துக்கு. பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்க்கு அதுவும் இல்லை. அவனுக்குத்தான் வேலை கிடைத்துவிடுமே என்று இங்கேயும் ஓர் எண்ணம். வேலையில்லாதவன் என்றும் அவனைத் தாங்கவில்லை, புலம்பெயர்ந்த தொழிலாளி என்றும் தாங்கவில்லை. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் விழுந்துவிடுகிறான். நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான்.

படித்தவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது முடியாத காரியம் என்றும் யாரும் சொல்ல முடியாது. 2014 ஜூலையில் இராக்கின் திக்ரித்தில் சிக்கிய 46 இந்திய நர்ஸுகள் மீட்கப்பட்டார்கள். அடுத்த வருடமே, எவ்வளவு படித்திருந்தாலும் நர்ஸுகள் அந்த 18 நாடுகளுக்குப் போக அனுமதி வாங்க வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் ஆளெடுப்பு நடக்க வேண்டும் என்று விதி வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு 1978-லேயே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருந்தது. பட்டம் பெற்றவளுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு துறையில் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு 2019 ஜனவரி முதல் ஆன்லைன் பதிவு கட்டாயம் என்று அறிவித்தார்கள். பதியாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றதும் எதிர்ப்பு கிளம்பி, அறிவிப்பை நிறுத்தி வைத்துவிட்டார்கள். எதிர்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மிரட்டலாக வந்த பதிவை யார் விரும்புவார்? பாதுகாப்பாக வந்திருந்தால் பையன்கள் வரிசையில் நின்று பதிந்திருப்பார்கள். வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பழக்கம்தான்.

பாதுகாப்பு இல்லாததன் விலையை 2022-ல் பார்த்தோம். தாய்லாந்தில் ஐ.டி. வேலை, டிகிரியும் கம்ப்யூட்டரும் தெரிந்தால் போதும் என்று விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. நம்பிப் போனவர்களை பாங்காக்கிலிருந்து எல்லைக்குக் கொண்டுபோய், ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவடியில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அக்டோபரில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். மோசடிக்காரர்களுக்குத் தேவைப்பட்டது நம் பிள்ளைகளின் ஆங்கிலமும் கம்ப்யூட்டரும். நம் ஊரில் யாரும் விலைக்குக் கேட்காத அந்தப் படிப்புக்கு அவர்கள் விலை வைத்தார்கள். எங்கள் கடைக்கும் அந்த விளம்பரத்தைப் பிரிண்ட் எடுக்க ஒருவன் வந்தான். எம்.சி.ஏ. படித்தவன். அவனுடைய அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த அக்காவை எங்கே பார்த்தாலும் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

அக்காக்கள் என்றதும் இன்னொரு வரிசை நினைவுக்கு வருகிறது. பி.எஸ்சி., பி.எட். முடித்த பெண்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆண் வெளியே போகிறான், பெண் காத்திருக்கிறாள். ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தபோது ஆறு லட்சத்துக்குமேல் எழுதினார்கள். 2,448 பேர் தேறினார்கள். பிறகு வந்த தேர்வுகளில் தேறியவர்களுக்கு வேலை வருவதற்குள், தகுதித் தேர்வு மட்டும் போதாது, இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை வந்தது. மாதம் ஏழாயிரத்துக்குத் தனியார் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டே, கணவன் அனுப்பும் பணத்துக்கு வங்கியில் நின்றுகொண்டே, இரவில் படித்தவர்கள் இவர்கள். வேலையின்மைக் கணக்கெடுப்பில் இவர்களை வேலையில் இருப்பவர்கள் என்றுதான் எழுதுவார்கள்.

சிங்கப்பூர்த் தம்பி போன பிறகு ஒருமுறை எங்கள் வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போட்டேன். வந்த ஆட்களில் பாதிப்பேர் மேற்கு வங்கம், மீதிப்பேர் பீகார். கம்பி கட்டியவன் கயா பக்கத்துப் பையன். எங்கள் ஊரில் நாற்று நடவும் இப்போது அவர்கள் வருகிறார்கள். சாயங்காலம் அந்தக் கயா பையன் கடைக்கு வந்து ரயில்வேத் தேர்வு ஹால் டிக்கெட் எடுக்க முடியுமா என்று கேட்டான். பெயர், எண் போட்டுத் திறந்தால் படிப்பு பி.ஏ. வரலாறு. தெரிந்த கொஞ்சம் இந்தியில் விசாரித்தேன். 2019-ல் ரயில்வே அறிவித்த முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு ஒன்றேகால் கோடிப் பேர் விண்ணப்பித்தார்களே, அதில் அவனும் ஒருவன். அந்தத் தேர்வுக்குழப்பத்தில்தான் 2022 ஜனவரியில் கயாவில் ரயில் பெட்டியைக் கொளுத்தினார்கள். எங்கள் ஊர் சிவில் என்ஜினியர் சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறான். அவன் கட்டியிருக்க வேண்டிய கம்பியை அறந்தாங்கியில் கயாவின் வரலாற்றுப் பட்டதாரி கட்டுகிறான். வடக்கத்திக்காரன் நம் வேலையைப் பறிக்கிறான் என்று பேசுகிற நம்மூர் ஆட்களிடம் நான் இதைச் சொல்லுவேன். அவன் பறிக்கவில்லை. உன் மகனைத் துரத்தியது எதுவோ, அதுதான் அவனையும் அவன் ஊரைவிட்டுத் துரத்தியிருக்கிறது.

சிங்கப்பூர்த் தம்பி ஒரு வருடத்தைத் தாண்டினான். கடனை அடைத்தான். தங்கைக்குக் கல்யாணம் செய்தான். 2020 ஏப்ரலில் டார்மிட்டரிகளைப் பூட்டினார்கள். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், கட்டிலுக்குமேல் கட்டில். அங்கே தங்கியிருந்த மூன்று லட்சத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கொரோனா தொற்றியதாக அந்த வருட இறுதியில் அந்நாட்டு அரசே சொன்னது. நகரம் திறந்த பிறகும் தொழிலாளர்கள் வேலைக்குப் போவதும் அறைக்குத் திரும்புவதுமாகவே வெகுகாலம் இருந்தார்கள். அவனுடைய அம்மா என் கடைக்கு வந்துதான் வீடியோவில் பேசுவார். "நல்லா சாப்பிடுறியாய்யா?" என்று கேட்டதையே கேட்பார். அவன் போனைத் தூக்கிப் பிடித்து ஜன்னலைக் காட்டுவான். எதிரே இன்னொரு டார்மிட்டரியின் ஜன்னல்கள்.

அந்த மாதங்களில் ஒருநாள் அவன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, என் எம்ப்ளாய்மென்ட் பதிவு இருக்குல்ல, இந்த வருசம் புதுப்பிக்கணும். பாத்துருங்கண்ணே." பார்த்தேன். பி.இ. சிவில், வேலைக்குக் காத்திருப்பவர். சிங்கப்பூரில் பன்னிரண்டாம் வகுப்புக் கம்பித் தொழிலாளி, புதுக்கோட்டையில் வேலையில்லாப் பொறியாளர். இரண்டு ஊரிலும் பதிவில் இருந்தவன் அவன் அல்ல. அவனுக்காக நான் புதுப்பித்தேன். அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்கும் விண்ணப்பம் போடச் சொன்னான். தகுதி பத்தாம் வகுப்பு. 2022-ல் அந்தத் தேர்வுக்கு 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். லீவு கிடைக்காமல் அவனால் எழுத முடியவில்லை. இப்போது அவன் சூப்பர்வைசர். கட்டடப் படத்தை விரித்துப் பார்க்கும்போது தன் படிப்பு திரும்பி வந்ததாகச் சொன்னான். எத்தனை பேருக்கு அப்படித் திரும்பி வரும்?

2015-ல் எடுத்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டார் ஏறத்தாழ 22 லட்சம் என்றது. அதிகம் பேர் இருந்த நாடு சிங்கப்பூர்தான். கேரளத்தில் 1998 முதல் சில ஆண்டுக்கு ஒருமுறை இதை எண்ணிக்கொண்டே வருகிறார்கள். எந்த ஊரிலிருந்து, என்ன படித்தவர், எவ்வளவு கடனில் போனார், எந்த நிலையில் திரும்பினார் என்று தெரிந்தால்தான் ஓர் அரசு ஏதாவது செய்ய முடியும். நம்மிடம் இப்போது அயலகத் தமிழர்க்கு நலவாரியம் இருக்கிறது, ஜனவரி 12-ல் விழா எடுக்கிறார்கள். நல்ல காரியம். 2024 ஜூனில் குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து தமிழர் ஏழு பேர் இறந்தபோது உடல்களைக் கொண்டுவர அமைச்சர் கொச்சிக்குப் போனார். இறந்த பிறகு தேடிச் செல்லும் அரசு, போகும்போதே வாசலில் நின்று பெயரை எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். ஒவ்வொரு வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் இதற்கு ஒரு மேசை போடலாம். பட்டதாரியின் பதிவு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அவன் கிளம்புகிறான் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

நான் என் கடையில் அந்த மேசையைப் போட்டுவிட்டேன். சிங்கப்பூர் போகும் பிள்ளைகள் ஐபிஏ தாளைப் பிரிண்ட் எடுக்க வருவார்கள். வேலைக்கு முன்னனுமதி தரும் தாள் அது, தமிழிலும் அனுப்புவார்கள். அதில் அடிப்படைச் சம்பளம், பிடித்தம் என்று எழுதியிருக்கும் இடங்களைச் சிவப்பு மையால் கோடிட்டு வாசிக்கச் சொல்வேன். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையோடு ஒத்துப்போகிறதா என்று என் முன்னாலேயே பார்க்கச் சொல்வேன். வளைகுடாவுக்குப் போகிறவர்களிடம் ஏஜென்டின் உரிம எண்ணைக் கேட்பேன். சேவைக் கட்டணம் வரியோடு 35,400 ரூபாய்க்குமேல் வாங்கக் கூடாது என்பது விதி என்று சொல்வேன். பிறகு, சம்மதித்தால், ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வேன்: பெயர், ஊர், படித்த படிப்பு, போகிற வேலை, கொடுத்த பணம், வீட்டு எண். படித்த படிப்பு என்ற பத்தியில் யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு ஒன்று கொடுத்திருக்கிறேன், இப்படி ஒரு பதிவேட்டை அரசே திறக்கச் சொல்லி. திறந்தால், பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு, இந்த நோட்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன்.